ஃபைல் இருக்கு, ஆனா ஓப்பன் ஆகல!

சித்தப்பாவோட பனியன் கம்பெனிக்குப் பீஸ்ரேட் கூலி கணக்குப் போட சி-ல ஒரு புரோகிராம் எழுதினேன். டெர்மினல்ல அந்த ஃபோல்டருக்குள்ள நின்னு ஓட்டினப்போ ஓடுச்சு. கிரான்ல போட்டேன், சனிக்கிழமை சம்பள நேரத்துல கிராஷ். எல்லாருக்கும் கால்குலேட்டர்லதான் கூலி போட்டோம்.

தப்பு என்னுது. எஃப்-ஓப்பன்கிட்ட ஃபைல் பேரை மட்டும் கொடுத்திருந்தேன். ரிலேட்டிவ் பாத்தைப் புரோகிராம் இருக்கும் இடத்திலிருந்து தேடுவதில்லை. அது ஓடும்போதுள்ள வொர்க்கிங் டைரக்டரியிலிருந்துதான் தேடும். கிரானில் அது ஹோம் டைரக்டரி. "இடப்பக்கம் ரெண்டாவது சந்து"ன்னா, பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் ஒரு இடத்துக்குப் போவார், ரயில்வே ஸ்டேஷனில் நிற்பவர் வேறு இடத்துக்குப் போவார், இல்லையா?

ஸ்லாஷில் தொடங்கும் முழுப் பாத் கொடுங்க. ரிட்டர்ன் வேல்யூ 'நல்'லான்னு கட்டாயம் பாருங்க. 'நல்' வந்தா, பி-எரர் காரணத்தைச் சொல்லும். கெட்-சிடபிள்யூடி நீங்க எங்க நிக்கிறீங்கன்னு சொல்லும்.