கதவு இடுக்கில் கசியும் குளிர்

ஜுருவில் குளிர் தானாக வருவதில்லை. மின்கட்டணம் செலுத்தித்தான் அதை வரவழைக்கிறோம். வெளியே பிற்பகல் வெயில் 32 பாகை செல்சியஸ். முன்கூடத்துக் குளிரூட்டியை 24 பாகையில் வைத்துவிட்டுப் படிக்க உட்காருகிறீர்கள். முன்வாசல் கதவு மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் வெளியே செருப்பு கழற்றும் இடத்தில் வெறுங்காலோடு சற்று நின்று பாருங்கள். கதவின் அடியிலிருந்து சில்லென்று காற்று வந்து பாதத்தில் படும்.

அந்தக் குளிர் வெளியேறும்போது அதன் இடத்தை நிரப்ப உள்ளே வருவது எது? நமக்கு அதிகச் செலவு வைப்பது எது: வெளியே போகும் காற்றா, உள்ளே வரும் காற்றா? சொந்த வீடாக இல்லாத நிலையில், கதவைச் சேதப்படுத்தாமல் இதைச் சரிசெய்ய முடியுமா? மாணவர்களே, ஒரு தாள்கீற்றும் கொஞ்சம் கணக்கும் இருந்தால் விடை காணலாம்.

நம் வீடுகளில் ஏன் இத்தனை இடுக்கு?

நம் நாட்டு வீடுகள் காற்றை உள்ளே விடவே கட்டப்பட்டவை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மலாய்க் கம்பத்து வீட்டின் பலகை இடுக்குகளைப் பாருங்கள். பழைய வரிசை வீடுகளில் கதவு, ஜன்னல்களுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளைகளையும், நாக்கோ ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளையும் பாருங்கள். எல்லாம் வெப்பக் காற்று மேலே வெளியேறவும் புதுக்காற்று உள்ளே வரவும் வைத்தவை.

சட்டமும் இதையே கேட்கிறது. 1984ஆம் ஆண்டின் ஒரே சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, குடியிருப்பு அறையின் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. காற்று தடையின்றிச் செல்லும் திறப்பு குறைந்தது 5 விழுக்காடு இருக்க வேண்டும். 12 சதுர மீட்டர் அறைக்கு அது 0.6 சதுர மீட்டர்.

மின்விசிறி மட்டும் சுழன்ற காலத்தில் இந்தத் திறப்புகள் வரம். அதே வீட்டில் குளிரூட்டியைப் பொருத்தியதும் அவை ஓட்டைகளாகிவிட்டன. வீடு மாறவில்லை, நாம் அதனிடம் கேட்கும் வேலை மாறிவிட்டது.

குளிர்ந்த காற்று ஏன் கீழே ஓடுகிறது?

காற்றுக்கும் எடை உண்டு. 24 பாகையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.19 கிலோகிராம். 32 பாகையில் அது 1.16 கிலோகிராம். வேறுபாடு 30 கிராம்தான். ஆனால் அந்த 30 கிராம்தான் குளிர்ந்த காற்றைத் தரையில் தேங்க வைக்கிறது. தொட்டியின் அடியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒழுகுவதுபோல, கதவின் அடியில் இடுக்கு இருந்தால் குளிர்ந்த காற்று ஒழுகும்.

ஒழுகிய அளவுக்கு வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். இல்லையென்றால் அறையின் அழுத்தம் குறைந்து, ஒழுகல் தானாகவே நின்றுவிடும். எனவே கதவின் மேல்விளிம்பு, ஜன்னல் பட்டைகள், காற்றுத் துளைகள் வழியாக வெளிக்காற்று நுழைகிறது. ஆக, ஓட்டம் நடக்க இரண்டு வழிகள் வேண்டும்: கீழே ஒன்று, மேலே ஒன்று. ஒன்றை அடைத்தாலும் ஓட்டம் பெருமளவு குறையும்.

கேமரன் மலையில் இது தலைகீழாக நடக்கும். தானா ராத்தாவில் இரவு வெப்பநிலை 15 பாகை அளவுக்கு இறங்குவதுண்டு. அங்கே வீட்டுக்குள் இருக்கும் காற்றுதான் வெப்பமானது. அது மேலே வெளியேறும், குளிர்காற்று கதவடியில் நுழையும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வாடகை அறையில் தங்கிப் படிப்பவர்களின் கால்கள் விறைப்பதற்கும் இதுவே காரணம். அங்கே மணலோ தானியமோ நிரப்பிய நீளமான துணிப்பையைக் கதவடியில் வைப்பார்கள். காற்று எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பை தடுக்கும்.

செய்து பார்ப்போம்

தேவையானவை: பென்சில், ஒட்டுநாடா, மெல்லிய டிஷ்யூ தாள், அளவுகோல், ஓர் ஏ4 தாள்.

1. டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கீற்றாகக் கிழித்துப் பென்சில் நுனியில் ஒட்டுங்கள்.
2. குளிரூட்டியை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். குளிரூட்டியின் காற்று கதவை நோக்கி வீசாதபடி திருப்புங்கள்.
3. கீற்றைக் கதவின் அடியிலும் மேலேயும் பக்கங்களிலும் பிடித்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
4. ஏ4 தாளைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். தாள் தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடுக்கு உண்டு.
5. இருட்டியபின் ஒருவர் வெளியிலிருந்து கைவிளக்கை அடிக்கட்டும். உள்ளே வெளிச்சம் தெரியும் இடங்களையெல்லாம் குறியுங்கள்.

காற்று வீசாத நேரத்தில், அடியில் கீற்று வெளிப்பக்கமும் மேலே உட்பக்கமும் சாய வேண்டும். பிறகு சமையலறைப் புகைவெளியேற்றும் விசிறியைப் போட்டுவிட்டு மீண்டும் பாருங்கள். விசிறி காற்றை வெளியே தள்ளுவதால், கதவடியிலும் கீற்று உட்பக்கம் திரும்பலாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

கதவின் அகலம் 90 சென்டிமீட்டர், அடியில் இடுக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 90 சதுர சென்டிமீட்டர். சுவரிலிருந்து ஒரு செங்கல்லை நீளவாக்கில் உருவி எடுத்தால் விழும் துளையைவிட இது பெரிது!

காற்று சராசரியாக விநாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் கசிவதாகக் கொண்டால்:

0.009 சதுர மீட்டர் × 0.4 மீட்டர் × 3,600 விநாடி = ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 13 கன மீட்டர்.

அறை 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 32.4 கன மீட்டர். அதாவது இரண்டரை மணி நேரத்தில் ஓர் அறை அளவுக் காற்று வெளியேறி, அதே அளவு வெளிக்காற்று உள்ளே வந்துவிடுகிறது.

அந்த 13 கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 15.6 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை குளிர்விக்க 1 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். 32 பாகையிலிருந்து 24 பாகைக்குக் கொண்டுவர, 15.6 × 8 = ஏறக்குறைய 125 கிலோஜூல்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. உள்ளே வரும் காற்று ஈரமானது. 32 பாகையில் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 24 பாகையில் 55 விழுக்காடு என்றால் சுமார் 12 கிராம். மீதி 12 கிராமையும் குளிரூட்டி நீராக்கி வெளியேற்ற வேண்டும். 13 கன மீட்டருக்கு அது 156 கிராம். ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். இதுதான் உள்ளுறை வெப்பம். படிவம் 4 இயற்பியலில் ‘ஹாபா பெண்டாம்’ என்று படிப்பீர்கள். 156 × 2.4 = ஏறக்குறைய 375 கிலோஜூல்.

இரண்டையும் ஒப்பிடுங்கள். காற்றைக் குளிர்விக்க 125. அதன் ஈரத்தை நீக்க 375, அதாவது மூன்று மடங்கு! நம் காலில் படும் குளிர்தான் இழப்பு என்று நினைக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மேலே நுழையும் ஈரம்தான் பெரிய செலவு.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு 500 கிலோஜூல். குளிரூட்டி ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்று கொள்வோம். தினமும் 6 மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 8 யூனிட் மின்சாரம் இந்த ஒரே இடுக்குக்குப் போகிறது. இது மிகப்பெரிய தொகை அல்ல. ஆனால் நாக்கோ ஜன்னலும் காற்றுத் துளைகளும் சேர்ந்தால் பல மடங்காகும்.

இதை அளந்தும் பார்க்கலாம். குளிரூட்டியின் நீர்க்குழாய் முனையில் ஒரு வாளியை வைத்து, ஒரு மணி நேரத்தில் சேரும் நீரை அளவுக்குவளையில் அளங்கள். இடுக்கை அடைத்தபின், மறுநாள் அதே நேரத்தில், அதே வெப்பநிலையில், அறையில் அதே எண்ணிக்கையில் ஆட்கள் இருக்கும்போது மீண்டும் அளங்கள். இரண்டு நாளும் வானிலை ஒத்திருந்தால் வேறுபாடு தெரியும்.

சுமத்ரா காற்றும் புகைமூட்டமும்

எடை வேறுபாட்டால் மட்டும் எழும் அழுத்தம் மிகச் சிறியது. 2 மீட்டர் உயரக் கதவுக்கு அது சுமார் 0.6 பாஸ்கல். ஓர் ஏ4 தாளைத் தூக்கி நிறுத்தக்கூட அது போதாது. ஆனால் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று கதவின் மீது ஏறக்குறைய 58 பாஸ்கல் அழுத்தம் தரும். அது நூறு மடங்குக்கு அருகில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து மோதும் ‘சுமத்ரா’ சூறைக்காற்றின்போது கதவு விசில் அடிப்பதும், மழைநீர் கதவடியில் புகுவதும் இதனால்தான்.

இடுக்கை அடைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது: புகைமூட்டம். 2015லும் 2019லும் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடும் அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்தது. அந்தப் புகையில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. 1 சென்டிமீட்டர் இடுக்கு அத்தகைய துகளைவிட 4,000 மடங்கு அகலம். காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அந்த நாள்களில் ஜன்னலை மூடிவிட்டுக் கதவடியைத் திறந்து வைத்திருப்பது பாதி வேலைதான். வீட்டில் ஆஸ்துமா உள்ள தம்பியோ பாட்டியோ இருந்தால் இது மின்கட்டணத்தைவிட முக்கியம்.

வாடகை வீட்டில் என்ன செய்யலாம்?

ஆணி அடிப்பதற்கும் துளையிடுவதற்கும் முன் வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்ள நேரலாம். அடையாளமே இல்லாமல் கழற்றக்கூடிய வழிகளை முதலில் பாருங்கள்.

மணல்பை: பழைய ஜீன்ஸ் காலையோ கைலித்துணியையோ, கதவைவிட 5 சென்டிமீட்டர் நீளமாக வெட்டிக் குழாயாகத் தையுங்கள். காய்ந்த மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வையுங்கள். அரிசி வேண்டாம், நம் ஈரக்காற்றில் வண்டு பிடிக்கும். இது படிக்கும் நேரத்துக்கும் இரவுக்கும் ஏற்றது.

இரட்டை நுரைக்குழல்: கதவின் இரு பக்கமும் ஒவ்வொரு நுரைக்குழல் இருக்கும்படி, துணியால் இணைத்த தடுப்பு. வன்பொருள் கடைகளில் கிடைக்கும். கதவடியில் செருகினால் போதும். கதவோடு சேர்ந்தே நகரும். அடிக்கடி திறக்கும் முன்வாசலுக்கு இதுவே வசதி.

ஒட்டும் நுரைப்பட்டை: கதவு நிலையின் மேலும் பக்கங்களிலும் ஒட்டலாம். மேல் இடுக்கை மறக்காதீர்கள். ஈரம் அங்கேதான் நுழைகிறது. சாயத்தைப் பசை உரிக்கிறதா என்று மறைவான மூலையில் சிறு துண்டை ஒட்டிச் சோதித்தபின் மற்ற இடங்களில் ஒட்டுங்கள்.

ஈரத்துண்டைக் கதவடியில் வைப்பது சிலர் வழக்கம். காற்று நிற்கும், ஆனால் துண்டின் ஈரம் ஆவியாகி அறைக்குள் சேரும். காய்ந்த துண்டே மேல். மழைமாதங்களில் மரக்கதவு ஈரத்தால் உப்பும் என்பதால், தடுப்பு கதவை இறுக்காமல் லேசாக உரசுமளவு இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் அடைக்கலாமா?

கூடாது. வீட்டில் பொருத்தும் சாதாரணக் குளிரூட்டி புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. நம் அறையின் 32,000 லிட்டர் காற்றில் முதலில் 14 லிட்டர் அளவே கார்பன் டைஆக்சைடு இருக்கும். ஓய்வாக இருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் வெளிவிடுவார். நால்வர் இருந்தால் ஒரே மணி நேரத்தில் 60 லிட்டர் சேரும். தலை கனப்பதும் படிப்பில் மனம் ஒட்டாததும் இதனாலும் வரலாம். புகைமூட்டம் இல்லாத நாள்களில், படிப்பின் இடைவேளையில் ஜன்னலைச் சில நிமிடம் திறந்துவிடுங்கள்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள்:

• மூடிய அறையில் கரியடுப்பையோ மின்னாக்கியையோ ஒருபோதும் இயக்காதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

• சமையலறைப் பின்கதவின் அடியை அடைக்காதீர்கள். எரிவாயு உருளையிலிருந்து கசியும் வாயு காற்றைவிடக் கனமானது; தரையில்தான் தேங்கும். அது வெளியேறக் கீழே வழி வேண்டும்.

• எந்தத் தடுப்பும் கதவை உள்ளிருந்து உடனே திறப்பதற்குத் தடையாக இருக்கக்கூடாது. தீ விபத்தின்போது அதுதான் உயிர்வழி.

தடுப்பை வைத்தபின் தாள்கீற்றுச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். கீற்று அசையாமல் தொங்கினால் உங்கள் வேலை நன்றாக முடிந்தது.

விடை காண்க

1. இடுக்கு 1 சென்டிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டராகக் குறைந்தால் 90 சென்டிமீட்டர் கதவுக்குப் பரப்பு எவ்வளவு?
2. காற்றின் வேகம் மூன்று மடங்கானால் கதவின் மீதான அழுத்தம் எத்தனை மடங்காகும்?
3. குளிர்ந்த இரவில், தானா ராத்தாவில் கதகதப்பான ஒரு வீட்டின் கதவடியில் தாள்கீற்று எந்தப் பக்கம் சாயும்? ஏன்?

விடைகள்: 1. 36 சதுர சென்டிமீட்டர். 2. ஒன்பது மடங்கு. 3. உட்பக்கம், வெளியிலுள்ள குளிர்காற்று அடர்த்தி மிக்கது என்பதால் கீழே நுழைகிறது, உள்ளிருக்கும் வெப்பக்காற்று மேலே வெளியேறுகிறது.