சொல் சிக்கவில்லையா? எழுத்துகளை இடம் மாற்றுங்கள்!

ஸ்கிராபிள் ஆட்டத்திலும் ஆங்கில எழுத்துப் புதிர்களிலும் சொற்களைச் சட்டென்று பிடிக்கச் சில வழிகள்:

* எழுத்துகளை வரிசையாக வைக்காமல் வட்டமாக எழுதுங்கள். பழகிய வரிசை குலைந்தால் புதிய சேர்க்கைகள் கண்ணில் படும்.

* முதலில் விகுதியைப் பாருங்கள். ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் அவற்றைக் கடைசியில் ஒதுக்கிவிட்டு, மிச்ச எழுத்துகளில் வினைச்சொல்லைத் தேடுங்கள்.

* எஸ்-எச், சி-எச், சி-கே போன்ற ஜோடிகளைச் சேர்த்தே வைத்துப் பாருங்கள்.

* ஒரு சொல் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். ‘ஸ்லேட்’டில் உள்ள 5 எழுத்துகளை மாற்றி அடுக்கினால் லீஸ்ட், ஸ்டேல், டேல்ஸ் என்று வந்துகொண்டே இருக்கும்.

* கியூ இருக்கிறது, யூ இல்லையா? கியூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல் ஸ்கிராபிளில் செல்லும். உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் அது. ‘சீ’ என்று உச்சரிப்பார்கள். கியூவுக்கு மட்டுமே 10 புள்ளி.

* ஆங்கில ஸ்கிராபிளில் எஸ் வில்லைகள் 4 மட்டுமே. அவற்றைச் சின்னச் சொல்லுக்கு வீணாக்காதீர்கள். கையிலுள்ள 7 வில்லைகளையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல்.

* குறுக்கெழுத்தில் சில எழுத்துகள் மட்டும் தெரியுமா? ஒன்லுக் இணைய அகராதியில், தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுத் தேடுங்கள். பொருந்தும் சொற்கள் பட்டியலாக வரும்.