எண்ணிட்ட கம்பமும் கூடாரமும்

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மலைக்காட்டில் எண்ணிட்ட கம்பம் நட்ட இடத்தில்தான் கூடாரம் அடிக்கலாமென்று என் மகன் எழுதுகிறான். ஏன் இந்த நிர்ப்பந்தம்?

பதில்: இதை நிர்ப்பந்தம் என்பதைவிடச் சம்ரட்சணை என்பதே பொருந்தும். அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 9,000 அடி உயரத்திலுள்ள கிரெஸ்டட் பியூட் ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில், பனி உருகியபின் புல் தழைக்கச் சொற்ப வாரங்களே அவகாசமிருக்க, வருவோர் தொகை பெருகி, அவரவரும் புல்வெளிக்குள் வண்டியை விட்டுப் புதிது புதிதாய் அடுப்புக்கல் கூட்டியதால் மலர்வெளிகள் கட்டாந்தரையாயின; ஆகவேதான் வன இலாகா தங்குமிடங்களை வரையறுத்துக் கம்பம் நட்டது. குழாயோ கழிப்பிடமோ அங்கே கிடையாது. ஜலம் கொண்டுபோக வேண்டும், கழிவை உறையில் கட்டித் திரும்பக் கொண்டுவருவதே உத்தமம். தீத்தடை அமலில் இருந்தால் விறகு மூட்டலாகாது. தடையில்லாதபோது மூட்டினாலோ, சாம்பலில் தாராளமாக ஜலம் ஊற்றி, குச்சியால் அடிவரை கிளறி, புறங்கையை அருகே வைத்துச் சூடு அறவே ஆறியதென்று கண்ட பிறகே புறப்பட வேண்டும், ஏனெனில் மேலே கறுத்துக் குளிர்ந்த கட்டையின் அடியில் செந்தணல் இரவெல்லாம் உயிரோடிருக்கும். முந்தி வந்தவருக்கே இடமாதலால், தங்கள் குமாரரைச் சனிக்கிழமைவரை காத்திராமல் வியாழக்கிழமையே புறப்படச் சொல்லுங்கள்.