ஆராய்ச்சிக்கு ஈதலும் சாஸ்திர தானமே

இல்லறத்தார்க்கு உரிய தானங்கள் ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நான்கு. அன்னமும் மருந்தும் அளிப்பதில் நம்மவர் குறை வைப்பதில்லை. சாஸ்திர தானம் என்றவுடன் நூல் அச்சிட்டு வழங்குவதையே நினைக்கிறோம். நோயின் இயல்பை ஆராயும் அறிவியலுக்கு உதவுவதும் அதனுள் அடங்கும் என்பதை இங்குச் சிந்திப்போம்.

மயிலாப்பூருக்கு அண்மையில், அடையாற்றில் உள்ள புற்றுநோய் நிலையமே இதற்குச் சான்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நன்கொடை திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். சென்னையில் யாருக்கு எவ்வகைப் புற்றுநோய் வந்தது என்பதை அந்நிலையம் 1980-களின் தொடக்கம் முதல் பதிவு செய்து வருகிறது. அன்று பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்று பின்னர்க் குறைந்ததையும், மார்பகப் புற்று அதனை முந்தியதையும் அப்பதிவேடு காட்டியது. இத்தகைய கணக்கு இல்லையேல், எந்நோய்க்கு முன்சோதனை மிகுதியும் தேவை என்பதை அறிவது எங்ஙனம்?

ஆயினும், பொதுவாகக் கட்டடத்திற்கும் கட்டிலுக்கும் கொடுப்போர் பலர். பதிவேடு எழுதுவோரின் ஊதியத்திற்குக் கொடுப்போர் சிலர். அங்கே பெயர் பொறிக்கக் கல் இல்லை அன்றோ!

தானத்தின் சிறப்பு விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்னும் நான்கால் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. இதனை ஆராய்ச்சிக்குப் பொருத்திப் பார்ப்போம்.

விதி: ஆராய்ச்சி பல்லாண்டுப் பணியாதலின், ஒருமுறை பெருந்தொகை கொடுத்து மறவாமல் ஆண்டுதோறும் கொடுத்தல்.
திரவியம்: நாம் விரும்புவதை அன்றி, அவர்களுக்குத் தேவையானதைக் கேட்டறிந்து கொடுத்தல்.
தாதா: கொடுப்பவர் புகழ் கருதாதிருத்தல்.
பாத்திரம்: வரவு செலவையும் ஆய்வு முடிவையும் மறைக்காத நிலையத்தைத் தேர்தல்.

"ஆராய்ச்சியில் உயிர்வதை உண்டே" எனச் சிலர் தயங்குவர். அகிம்சையைப் பரமதர்மமாகக் கொண்ட நமக்கு அத்தயக்கம் நியாயமே. ஆனால், இன்ன பணிக்கு மட்டுமே எனக் குறித்து நன்கொடை அளிக்கலாம். நோய்ப் பதிவேடு, முன்சோதனை, சிகிச்சை பெற்றோரின் நலத்தைத் தொடர்ந்து கண்டறிதல் ஆகியவற்றிற்கு எவ்வுயிரையும் வதைக்க வேண்டுவதில்லை. பிறரிடம் நிதி வேண்டும்போதும் இதனை எடுத்துரைத்தால் தயங்கியவரும் முன்வருவர்.

பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் சிராவகி, சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அவற்றைப் படித்தோர் அனைவரையும் அவர் கண்டிருக்க இயலாது. ஆராய்ச்சிக்கு ஈபவரும் தாம் காணாத, இன்னும் பிறவாத நோயாளிக்கே ஈகிறார். தசலட்சண பர்வத்தில் உத்தம தியாக நாளன்று, நம் இல்லங்களில் இதனைக் கலந்து பேசித் தொடங்குவோமாக.