கடல்சார் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்கள்: பயிற்சியும் பொதுமக்கள் பங்கேற்பும்

க.பொ.த. (உயர்தரம்) புவியியல் – சூழல் முகாமைத்துவம்

1. அறிமுகம்

கடலின் ஒரு பகுதியை எல்லையிட்டு, அங்கு மீன்பிடித்தல், முருகைக்கல் அகழ்தல், நங்கூரமிடல் முதலிய செயல்களைச் சட்டத்தினால் தடைசெய்யும் அல்லது கட்டுப்படுத்தும் போது அது கடல்சார் பாதுகாக்கப்பட்ட பிரதேசம் எனப்படும். இலங்கையில் இதற்குச் சில உதாரணங்கள்:

• ஹிக்கடுவை – 1979 இல் கடற் சரணாலயம். 2002 இல் தேசிய பூங்கா
• கற்பிட்டிக் கடலிலுள்ள பார் றீப் – 1992 இல் சரணாலயம்
• நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு – 2003 இல் தேசிய பூங்கா

காட்டைச் சுற்றி வேலி அடைக்கலாம். கடலுக்கு வேலி இல்லை. சில உத்தியோகத்தர்கள் இரவு பகலாகக் கடலைக் காவல் காப்பதும் இயலாத காரியம். எனவே அக்கடலை நம்பி வாழும் மக்களே அதன் காவலராக மாறும்போதுதான் பிரகடனம் பயன் தருகின்றது. இதனைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் இரு சிறு தீவுகள் நன்கு விளக்குகின்றன.

2. விடய ஆய்வு: சுமிலொன், ஆப்போ தீவுகள்

சுமிலொன்: இங்கு 1974 இல் சிலிமான் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் முருகைக் கற்பாறையின் ஒரு பகுதியில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அதனை அண்டிய பகுதியில் மீனவர்களுக்கு நல்ல பிடி கிடைத்தது. ஆயினும் 1984 இல் உள்ளூர் அரசியல் மாற்றத்தைத் தொடர்ந்து பாதுகாப்புக் குலைந்தது. தடைப் பகுதிக்குள்ளும் மீன்பிடி தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் தீவைச் சுற்றியுள்ள மொத்தப் பிடியளவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. தடைப் பகுதியைத் திறந்ததால் பிடி கூடவில்லை, குறைந்தது என்பதை மாணவர்கள் மனதிற் கொள்க.

ஆப்போ: இங்கு 1982 இல் அதே பல்கலைக்கழகத்தின் துணையுடன் தீவு மக்களே தடைப் பகுதியொன்றை ஏற்றுக்கொண்டனர். சமூகப் பணியாளர்கள் தீவிலேயே தங்கி, மீன் இனப்பெருக்கம், முருகைக் கற்பாறையின் பயன் என்பவற்றை மக்களுக்கு விளக்கினர். 1985 இல் மக்களைக் கொண்ட கடல் முகாமைத்துவக் குழு அமைந்தது. தீவு மக்களே காவலில் ஈடுபட்டனர். காலப்போக்கில் தடைப் பகுதியில் பெரிய மீன்கள் பெருகின. சுழியோட வரும் உல்லாசப் பயணிகளிடமிருந்து வருமானமும் கிடைத்தது.

3. பயிற்சி யாருக்கு? எதில்?

(அ) மீனவர்: தடைசெய்யப்பட்ட வலைகளும் வெடிபொருட்களும் விளைவிக்கும் தீங்கு, மீன்பிடிப் பதிவேடு பேணல், காவல் முறை.
(ஆ) படகோட்டிகளும் சுழியோடி வழிகாட்டிகளும்: நங்கூரத்திற்குப் பதிலாக மிதவையிற் படகைக் கட்டுதல், பயணிகள் முருகைக்கல்லை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளல்.
(இ) உத்தியோகத்தர்: நீருக்கடியில் ஆய்வு செய்தல், சட்ட அமுலாக்கம், மக்களுடன் பேசிப் பிணக்குத் தீர்த்தல்.
(ஈ) பாடசாலை மாணவர்: கரையோரச் சூழல் பற்றிய களக்கல்வி.

4. பங்கேற்பின் படிநிலைகள்

முதற்படி, எடுத்த முடிவை மக்களுக்கு அறிவித்தல். இரண்டாம் படி, முடிவெடுக்குமுன் அவர்களின் கருத்தைக் கேட்டல். மூன்றாம் படி, முடிவெடுப்பதிலும் காவலிலும் வருமானத்திலும் அவர்களுக்குப் பங்களித்தல். இறுதியானதே கூட்டு முகாமைத்துவம் ஆகும். கூட்டத்திற்கு ஆட்களை அழைத்து வரவுப் பதிவிற் கையொப்பம் பெறுவது மட்டும் பங்கேற்பு ஆகாது.

5. இலங்கை அனுபவம்

ஹிக்கடுவையில் பிரகடனத்தின் பின்னரும் கண்ணாடி அடித்தளப் படகுகளின் நெரிசல், முருகைக்கல்லை மிதித்தல், கழிவுநீர் என்பவற்றால் சேதம் தொடர்ந்தது. இதனால் 1990களில் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், படகு உரிமையாளர், ஹோட்டல் நடத்துவோர், மீனவர் ஆகியோரையும் சேர்த்து விசேட பிரதேச முகாமைத்துவத் திட்டமொன்றை வகுத்தது. ரெக்காவக் களப்பிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. இவ்விரு இடங்களுக்குமான திட்டங்கள் 1996 இல் வெளியாயின.

6. வரையறைகள்

• 1998 இல் கடல்நீர் வெப்பம் உயர்ந்ததால் ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் இறந்தன. இதனை உள்ளூர் மக்களால் மட்டும் தடுக்க முடியாது.
• 1994 இல் ஆப்போ தேசியப் பாதுகாப்புப் பிரதேசமாக்கப்பட்டது. நுழைவுக் கட்டண வருமானம் அரச நிதி முறையினூடாகத் திரும்பி வருவதில் தாமதம் ஏற்பட்டு, மக்களிடையே அதிருப்தி எழுந்தது. அதிகாரம் மேலே செல்லும்போது பங்கேற்பு தளர்வடைகின்றது.
• வெளிநிதியில் நடைபெறும் பயிற்சிகள் திட்டம் முடிந்ததும் நின்றுவிடலாம்.

7. மாதிரி வினா

(i) கடல்சார் பாதுகாக்கப்பட்ட பிரதேசம் என்றால் என்ன? (02 புள்ளிகள்)
(ii) இலங்கையிலுள்ள அத்தகைய பிரதேசங்கள் மூன்றினைக் குறிப்பிடுக. (03 புள்ளிகள்)
(iii) "பிரகடனம் மட்டும் கடலைக் காக்காது." உதாரணங்களுடன் ஆராய்க. (10 புள்ளிகள்)

விடைக்குறிப்பு: பகுதி (iii) இற்குப் பலர் சட்டங்களையும் ஆண்டுகளையும் மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். சுமிலொன், ஆப்போ ஆகியவற்றை ஒப்பிட்டு, ஹிக்கடுவையின் படிப்பினையைச் சேர்த்து, வரையறை ஒன்றையேனும் காட்டி முடிக்க வேண்டும். உங்கள் ஊர்க் கடலிலோ களப்பிலோ நீங்கள் கண்ட உதாரணம் ஒன்றையும் சேர்த்தால் விடை மேலும் சிறப்புறும்.