சேலைன் குழாயைக் கணக்குப் போடவரும் பிள்ளைகளுக்கு

தோட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், மருந்தைக் குழாய் எவ்வளவு குடிக்கிறது என்று கம்பியூட்டரில் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். சிலது சொல்கிறேன்.

1. மருந்தையும் குழாயையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வளையும் பிவிசி குழாயின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதை மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருள். கொழுப்பில் கரையும் டயசிபாம், நைட்ரோகிளிசரின் எல்லாம் அதற்குள் போய்விடும், மஞ்சள் கறை சோத்துப்பெட்டிக்குள் இறங்குகிற மாதிரி. நைட்ரோகிளிசரினில் 40 முதல் 80 சதவீதம் வரை பிவிசி குழாய் எடுத்துக்கொள்ளும் என்று மருந்துத் தாளே எச்சரிக்கிறது. பொலிஎதிலீன் குழாய் எடுப்பது மிகக் குறைவு.

2. இன்சுலினை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சுவருக்குள் போவதில்லை, மேலே ஒட்டும். இடம் நிரம்பினால் ஒட்டுவது அடங்கிவிடும். இன்சுலின் கரைசலில் 20 மில்லிலீற்றரைக் குழாயில் ஓடவிட்டுக் கொட்டிவிட்டு இணைப்பது அதனால்தான். வார்ட் மிஸ்ஸியைக் கேளுங்கள், விளக்குவார்.

3. குழாய்ச் சுவரை மெல்லிய அடுக்குகளாக்கி, 1855இல் ஃபிக் சொன்ன பரவல் விதியைப் படிப்படியாக ஓட்டுவதுதான் வேலை. எளிய முறையில் அடுக்கின் தடிப்பைப் பாதியாக்கினால் நேரத் துண்டை நாலில் ஒன்றாக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தின் அளவு பூச்சியத்துக்குக் கீழே போகும், கம்பியூட்டர் வெட்கப்படாது.

4. மெதுவாகச் சொட்டும்போதுதான் இழப்பின் வீதம் கூடும். ஆனால் இழப்பைவிடக் குழாய் மாற்றத்துக்குத்தான் நான் பயப்படுவேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குப் பிவிசி குழாயில் நைட்ரோகிளிசரின் ஏறுகிறது என்று வையுங்கள். டொக்டர் பிரஷரைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டியிருப்பார். அவரைக் கண்டிக்கு அனுப்பும்போது யாரோ பொலிஎதிலீன் குழாயை மாட்டினால், அதே வேகத்தில் மருந்து ஏறக்குறைய முழுசாய் உடம்புக்குள் போகும், பிரஷர் விழும். இந்த மாற்றத்தை ஓட்டிப் பார்க்காத கணக்கால் மலையகத்துக்குப் பிரயோசனமில்லை.

5. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. புத்தகத்தில் வரும் 25 பாகை எண்களை அப்படியே போடாதீர்கள். குளிரில் பரவல் மெதுவாகும், மருந்து கரைசலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பிரியும் பங்கும் மாறும்.

6. அளந்து பாருங்கள். தொடக்கத்தில் குழாய் முனையில் பிடித்த கரைசலை மட்டும் வைத்துப் பங்கையும் பரவல் வேகத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, இரண்டும் கலந்தே தெரியும். மருந்தில் நாள்கணக்காய் ஊறவைத்த குழாய்த் துண்டு பங்கைத் தனியாகக் காட்டும்.