கட்டா, கப்பா, கிராமா? வாசனைத் தழைகளை அளக்கும் வழி

கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை முதலிய வாசனைத் தழைகளுக்குச் சமையல் குறிப்புகளில் மூன்று வகை அளவுகள் புழங்குகின்றன. பழைய கைக்கணக்கான கட்டு, கைப்பிடி, இணுக்கு ஒரு வகை, கப், ஸ்பூன் இன்னொரு வகை, மூன்றாவது கிராம். ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. 240 மில்லி கப்பில் தண்ணீர் ஊற்றினால் எடை 240 கிராம். அதே கப்பில் தழையைப் போட்டால் பெரும்பகுதி இலைகளுக்கு இடையே நிற்கும் காற்றுதான்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியல் கால் கப் கொத்தமல்லித் தழைக்கு 4 கிராம் என்கிறது; அதாவது கப்புக்கு 16 கிராம். நறுக்கிய பார்ஸ்லிக்கு அதே பட்டியலில் கப்புக்கு 60 கிராம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வாகுள்ள இலைகள். நறுக்கியதா, அழுத்தியதா என்பதில்தான் பெரும்பாலான வித்தியாசம் இருக்கிறது. புதினாவில் இன்னும் வேடிக்கை: ஒரு வகைக்கு 2 மேசைக்கரண்டி 11 கிராம், இன்னொரு வகைக்கு 3 கிராம். ஆகவே இத்தகைய அட்டவணைகளை உத்தேசமாகக் கொள்ளலாமே தவிர, அப்படியே நம்ப முடியாது.

கப்பும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி; ஆஸ்திரேலியாவில் 20. தழையை அமுக்குவதால் வரும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய பிழைதான். குறிப்பு எழுதுபவர் "நறுக்கி, அழுத்தாமல் 1 கப்" என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நறுக்கியபின் அளப்பதா, அளந்தபின் நறுக்குவதா என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கட்டு என்பது கடைக்காரர் கணக்கு. பருவத்துக்கும் விலைக்கும் ஏற்ப அது பருக்கும், இளைக்கும். வேர், தண்டு, அழுகல் போக மிஞ்சுவதும் ஒவ்வொரு முறையும் வேறு. கொத்தமல்லித் தண்டு துவையலுக்கு நல்ல ருசி தரும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கலாம். புதினாவின் முற்றிய தண்டைக் கழித்துவிடுவதே சரி.

எதைத் தேர்வது என்பது தழைக்குப் பண்டத்தில் என்ன வேலை என்பதைப் பொறுத்தது. ரசத்தின் மேல் தூவவோ தாளிக்கவோ என்றால் கைப்பிடியும் இணுக்கும் போதும். அங்கே தராசு எடுப்பது வீண் வேலை. புதினாத் துவையல், கொத்தமல்லிச் சாதம், கறிவேப்பிலைப் பொடி போன்றவற்றில் தழைதான் பண்டமே. உப்பு, புளி, மிளகாய் அதற்கேற்ப அமைவதால் அங்கே கிராமே சரி. ஈர்க்கை உருவிய பிறகு, கழுவுவதற்கு முன்போ ஈரம் உலர்ந்த பின்போ நிறுக்க வேண்டும். இலையில் ஒட்டிய தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும். 5 கிராமுக்குக் குறைவான அளவுகளில் சாதாரணச் சமையலறைத் தராசு தடுமாறும் என்பதால், அங்கே ஸ்பூனோ இலை எண்ணிக்கையோ மேல். அரைத்த விழுதில் காற்று போய்விடுவதால் அதற்குக் கப் அளவு ஓரளவு நம்பகமானது.

காய்ந்த தழைக்கு மாறினால், பச்சைத் தழை 3 ஸ்பூனுக்கு உலர்ந்தது 1 ஸ்பூன் என்பது பொதுவான விதி. ஆரிகனோ, தைம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். கொத்தமல்லித் தழையோ காய்ந்தால் மணத்தைப் பெரிதும் இழந்துவிடுவதால் அதற்கு இந்தக் கணக்கு உதவாது.

வீட்டில் அடிக்கடி செய்யும் பண்டத்துக்கு, சொந்தக் கப்பில் வழக்கமாக நிரப்பும் விதத்தில் தழையை நிரப்பி ஒருமுறை நிறுத்து, அந்த எடையைக் குறிப்பின் ஓரத்தில் எழுதிவைப்பது எந்த அட்டவணையையும்விடச் சரியாக இருக்கும்.